‘பு’வை அடித்து ‘பெ’ போட்ட புத்தகம்

1. பெட்டி வந்த காலை

சென்னையிலிருந்து பெட்டிகள் வந்து இறங்கிய காலையில் நான் இன்னும் பசியாறியிருக்கவில்லை. மலேசியாவின் ஈப்போவில் எங்கள் புத்தகக் கடையின் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். லாரிக்காரர் அந்தப் பாதிக்குள்ளேயே குனிந்து பெட்டிகளை உள்ளே தள்ளினார், கையெழுத்து வாங்கினார், போய்விட்டார். மேலே ஒட்டியிருந்த தாளில் ‘மங்கும் கத்தியும் – பிலோமினா’ என்று இருந்தது. பசி மறந்துபோயிற்று.

புத்தகக் கடைக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கணினியில் ஸ்டாக் பார்ப்பது எப்படி என்று வேறு யாராவது சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது அந்தத் திரையில் வராத விஷயம்.

எங்கள் கல்லாவுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. மேலே ‘வரவிருக்கும் நூல்கள்’ என்று எழுதி, கீழே பெயர்களைப் போடுவது என் வேலை. அதையே படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவிலும் போடுவேன். ஊரில் யார் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்பது அந்தப் பலகைக்குத் தெரியும். சரித்திர நாவலின் மூன்றாம் பாகத்துக்காக ஒரு பஸ் டிரைவர் வாராவாரம் வந்து பலகையை முறைத்துவிட்டுப் போவார். துப்பறியும் கதை படிக்கும் அக்கா தங்கை இருவர், ஒரு பிரதி வாங்கி முதலில் யார் படிப்பது என்று கடை வாசலிலேயே சண்டை போடுவார்கள். இனிப்புநீர் வியாதிக்காரர்களுக்கான சமையல் புத்தகம் வந்தால் மறுவாரம் இருக்காது. கவிதை நூல் வந்தால் கவிஞரின் மைத்துனர்கள் வாங்குவார்கள்.

விற்கிறவளும் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. உப்புப் பார்க்காமல் குழம்பை இறக்கி வைக்கக் கூடாது. அந்த வருடம் காய்ச்சலில் படுத்தபடி ஒரு கொலைக் கதை படித்தேன். கொன்றவன் யார் என்று தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது, இருந்தாலும் அவன் மாட்டுவதைப் பார்க்க முடிவு வரை போனேன். ஒரு பயண நூலைப் பாதியில் வைத்துவிட்டேன், எழுதியவர் போன ஊரைவிடத் தின்றதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருந்தார். என்னை உலுக்கியது என்று சொன்னால் பிலோமினா அக்காவின் கைப்பிரதி ஒன்றுதான்.

பீடோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கத்தியால் பால்மரம் சீவி, வடியும் பாலை மங்கு என்ற கிண்ணத்தில் பிடித்தவர் அவர். தோட்டம் மூடியதும் ஈப்போவுக்கு வந்து புந்தோங் பிளாட் வீட்டில் குடியேறினார். ஆஸ்பத்திரியில் தரை துடைத்து ஓய்வு பெற்றார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வரும்போது கடையில் உட்கார்ந்து பால் கலக்காத டீ, ஒரு தே-ஓ, குடிப்பார். அவர் நூலைப் பலகையில் போட நினைத்தபோது, நாவலா வரலாறா என்று கேட்டேன்.

“நடந்ததத்தான் எழுதியிருக்கேன் சாந்தி. அதுக்கு என்ன பேருன்னு நீதான் சொல்லணும்” என்றார்.

‘விரைவில்’ என்று மட்டும் போட்டேன். அது எவ்வளவு காலம் அங்கே கிடந்தது என்றால், மார்க்கர் மை பலகையில் ஊறி, துடைத்தாலும் போகவில்லை.

பெட்டியைக் கிழித்தேன். அட்டை அழகாக இருந்தது. முதல் பக்கத்தைத் திறந்து முதல் வரியைப் படித்தேன்.

‘விடியுமுன் எழுந்து நாங்கள் புரட்டுக்குப் போவோம்.’

அப்படியே பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

2. அகராதியில் இல்லாத சொல்

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். விடியுமுன் தொழிலாளர்கள் எல்லோரும் ஒரு திடலில் வரிசையாக நிற்க வேண்டும். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிடுவார், யாருக்கு எந்த ரப்பர்க் காடு என்று பிரித்துவிடுவார். அதற்குப் பேர் பெரட்டு. அந்தத் திடல் பெரட்டுக் களம். பெரட்டுக்கு வராதவருக்கு அன்று வேலை இல்லை. அந்தச் சொல் இல்லாமல் தோட்டக் கதை சொல்லவே முடியாது.

புரட்டு என்றால் ஏமாற்று, பித்தலாட்டம். ஓர் எழுத்துதான் வித்தியாசம். புத்தகம் முழுக்க ‘பெரட்டு’ இருந்த இடத்தில் எல்லாம் ‘புரட்டு’ உட்கார்ந்திருந்தது. ‘புரட்டுக் களத்தில் பனி விழும்.’ ‘என் தாய் நிறைமாதத்திலும் புரட்டுக்குத் தவறியதில்லை.’

அக்காவின் கைப்பிரதியை அச்சுக்கு அனுப்பியதும் புரூஃப் பார்த்ததும் நான்தான். சென்னைப் பதிப்பகத்துக்குப் போன் போட்டேன்.

“மேடம், கடைசி புரூஃப் நீங்க ஓகே பண்ணதுதான்” என்றார் அங்கிருந்தவர். “அதுக்கப்புறம் எங்க ஆளு இன்னொரு தடவ பார்த்தாரு. பெரட்டுன்னு ஒரு வார்த்தை அகராதியிலயே இல்ல மேடம். எழுத்துப் பிழைன்னு நெனச்சு மொத்தமா மாத்திட்டாரு.”

“எங்க அகராதியில இருக்கு சார்” என்றேன்.

அவர் மிகவும் வருந்துவதாகச் சொன்னார். உண்மையாகவே வருந்தினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் புத்தகம் அச்சாகிக் கப்பலேறி வந்துவிட்டது. மறுபடி அடிக்க வழியில்லை.

அன்று மாலை பிலோமினா அக்கா வந்தார். அதற்கு முந்திய மாதம்தான் அவருக்கு நுரையீரலில் புற்று என்று டாக்டர் சொல்லியிருந்தார். படியேறி வந்தால் மூச்சு வாங்கும். புத்தகத்தைக் கையில் வாங்கி அட்டையைத் தடவினார், முகர்ந்து பார்த்தார், திறந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ரேக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“ஏன்லா சாந்தி, தெனமும் காலங்காத்தால எந்திரிச்சி நாங்க ஊர ஏமாத்தவா போனோம்?”

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, “ஒரு பேனா குடு. கறுப்பு மை” என்றார்.

பிழைதிருத்தத் தாள் அடித்து உள்ளே ஒட்டலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

“ஒட்டுன தாளு உதுந்துரும். எங்கம்மா பெரட்டுக்குத்தான் போனா. அது அந்த எடத்துலயே இருக்கணும்.”

‘பு’வை அடித்தார், மேலே சின்னதாக ‘பெ’ போட்டார். அடுத்த பக்கம் திருப்பினார்.

3. தொடாதே என்ற இடம்

வெளியீட்டு விழாவை எங்கள் ஊர் வாசகர் மன்றம் நடத்துவதாக ஏற்பாடு, அதற்குள் திருத்தி முடிக்க அன்று முதல் அவருக்குக் கடையின் பின்பக்கம் ஒரு மேசை. பெட்டியிலிருந்து பிரதிகளை நான் எடுத்து வைப்பேன், அவர் திருத்துவார். கூட்டம் இல்லாத வேளையில் நானும் ஒரு பேனாவோடு பக்கத்தில் உட்காருவேன். சரித்திர நாவல் டிரைவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “என்னக்கா, பள்ளிக்கூட நோட்டு திருத்துறீங்களா?” என்பார். “ஆமாலா தம்பி, முழு வகுப்பும் பெயிலு” என்பார் அக்கா.

நோயைப் பற்றிப் பேசமாட்டார். மருந்து ஏற்றிக்கொண்ட மறுநாள் வாந்தி எடுப்பதற்கு என்று ஒரு பை கொண்டுவருவார். அதை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு எழுத்தை அடிப்பார். நான் ஒருமுறை அழுதுவிட்டேன். “ஒன் கண்ணுத் தண்ணி பட்டா மை கலங்கிரும், தள்ளிப் போய் அழு” என்றார்.

ஒருநாள் நான் கடைசி அத்தியாயத்தில் இருந்தேன். தோட்டம் மூடுவதற்கு முன் எல்லோரையும் திடலுக்கு வரச் சொன்ன பகுதி. ‘அதுதான் எங்கள் கடைசிப் புரட்டு’ என்று இருந்தது. பேனாவை வைக்கப்போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கையில் அவ்வளவு பலம் மீதி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

“அதத் தொடாத.”

“ஏங்கா? இது விட்டுப்போச்சு.”

“விட்டுப்போகல. நான் திருத்துன எல்லாத்துலயும் அத அப்படியேதான் வெச்சிருக்கேன். அந்த மெட்ராஸ்காரரு தெரியாம செஞ்சாலும், அந்த ஒரு எடத்துல மட்டும் சரியாத்தான் செஞ்சிருக்காரு.”

அந்தப் பத்தியை நான் கைப்பிரதியில் படித்திருந்தேன். இப்போது மறுபடி படித்தேன். தோட்ட மேலாளரான துரை ஆங்கிலத்தில் பேசுகிறார். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் இளைஞர், கட்சிக்காரர், தமிழில் சொல்கிறார்: ‘யாரும் பயப்படாதீர்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இங்கேயே வீடு. நான் பொறுப்பு.’ எல்லோரும் கைதட்டுகிறார்கள். பிறகு தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடிக்கிறார்கள். வீடுகள் எழும்பின, ஆனால் குடியிருப்புக்குத் தாமான் என்று புதுப்பெயர் வைத்து, வேறு ஆட்களுக்கு. பிலோமினா அக்காவின் கணவர் அந்தத் தாமானுக்கே ஜாகாவாக வேலைக்குப் போய், அந்தக் காவல் கூண்டிலேயே ஒருநாள் சாய்ந்து செத்துப்போனார்.

“அந்த வெள்ளச் சட்ட யாருன்னு தெரியுமா?” என்றார் அக்கா. “ஒங்க வாசகர் மன்றம் வெளியீட்டுக்குக் கூப்பிட்டிருக்கே, டத்தோ. அவருதான்.”

டத்தோ என்பது அரசுப் பட்டம், அதைச் சொல்லித்தான் ஊரே அவரைக் கூப்பிடும். “மன்றத்துக்குத் தெரியுமா?”

“நான் சொல்லல. பேரக் கேட்டதும் தலையாட்டிட்டேன். அவரு மேடையில உக்காந்திருக்கும்போது நான் இந்தப் பக்கத்தப் படிக்கணும். அவ்வளவுதான். வீடு கேக்கல, நாயம் கேக்கல. அவரு காதுல விழணும்.”

4. முறை

நம் ஊர் வெளியீட்டு விழாக்களுக்கு ஒரு முறை இருக்கிறது, பிள்ளைகள் தெரிந்துகொள்ளுங்கள். கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, சிறப்பு விருந்தினர் உரை, முதல் நூல் பெறுதல். அதன்பின் நூலாய்வு. எல்லாவற்றுக்கும் கடைசியில் எழுத்தாளர் ஏற்புரை. முதல் நூலைப் பொன்னாடையோடு வாங்கியதும் சிறப்பு விருந்தினர் “இன்னொரு நிகழ்ச்சி இருக்கு” என்று எழுந்துபோவார். அவருக்குப் பின்னால் பாதி மண்டபம் போகும். எழுதியவர் பேசும்போது நாற்காலிகள்தான் கேட்கும். இத்தனை வருடத்தில் இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை.

மன்றச் செயலாளர் மணிவண்ணன், ஓய்வுபெற்ற ஆசிரியர். கெட்டவர் இல்லை. சொந்த நேரத்தைக் கொட்டித் தமிழுக்கு ஓடுகிறவர். அவரிடம் ஏற்புரையை முன்னால் வைக்கும்படி கேட்டேன். காரணத்தைச் சொல்ல அக்கா விடவில்லை.

“அது முறையில்லம்மா. டத்தோவ உக்கார வெச்சிட்டு எழுத்தாளர் முதல்ல பேசுனா நல்லா இருக்குமா?”

“அவங்களுக்கு உடம்பு முடியல சார். கடைசி வரைக்கும் உக்கார முடியாது.”

“அதுக்குத்தான் சீக்கிரம் தேதி கேட்டுக்கிட்டு இருக்கேன். டத்தோ பிசிம்மா.”

டத்தோ தேதி கொடுத்தார், தள்ளி வைத்தார். மறுபடி கொடுத்தார், மறுபடி தள்ளி வைத்தார். வேறு யாரையாவது வைத்து வெளியிடலாம் என்று நானே அக்காவிடம் சொன்னேன். “அவரு இல்லாட்டி வெளியீடு எதுக்கு?” என்றார். மணிவண்ணன் சார் அதைக் கேட்டு நெகிழ்ந்து, டத்தோவின் மேல் அந்த அம்மாவுக்கு எவ்வளவு மரியாதை என்று மன்றக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

பலகையில் ‘விரைவில்’ அப்படியே இருந்தது. கேட்டவர்களுக்குக் கொடுக்கவும் முடியாது. வெளியீடு காணாத புத்தகம் கடையை விட்டுப் போகக் கூடாது, அதுவும் ஒரு முறை.

இரண்டாம் தடவை தள்ளிப்போனபின் அக்கா ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அவர் தரை துடைத்த அதே வார்டு. நான் பிரதிகளைத் துணிப்பையில் கொண்டுபோவேன். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சாய்ந்தபடி திருத்துவார். எழுத்து கோணத் தொடங்கியிருந்தது.

“இன்னும் எத்தன பொட்டி இருக்கு?” என்று கேட்டார் ஒருநாள்.

“ரெண்டு இருக்குக்கா. நான் பாத்துக்கிறேன்.”

“அந்தக் கடைசிப் புரட்ட மட்டும் தொட்டுறாத.”

“தொடமாட்டேன்.”

அந்த வாரமே போய்விட்டார். அடக்கத்தின்போது அவர் மகன் சவப்பெட்டிக்குள் ஒரு பிரதியை வைத்தார். வெளியீடு காணாத புத்தகம்தான். மணிவண்ணன் சார் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

5. முதல் நூல்

அவர் இறந்தபின் டத்தோவுக்குத் தேதி கிடைத்தது.

அதற்குள் ஒரு பெட்டியை நான் திருத்தி முடித்திருந்தேன். இன்னொன்று பிரிக்காமலே இருந்தது. விழா அன்று மண்டபத்தில் விற்பனை மேசை போட்டுக்கொண்டிருந்தபோது மணிவண்ணன் சார் வந்து, திருத்திய பிரதி ஒன்றைப் புரட்டிப் பார்த்தார்.

“இதுலயும் கிறுக்கி இருக்கேம்மா. டத்தோவுக்கு நல்லதா ஒண்ணு எடுங்க.”

“அக்கா கையெழுத்து சார் அது. அதயே கொடுக்கலாம்.”

“உணர்ச்சி எனக்குப் புரியுது. ஆனா பெரிய மனுசன் கையில அழுக்கா கொடுக்க முடியாது.”

பிரிக்காத பெட்டியை அவரே கிழித்து, மேலே இருந்த புத்தம் புதுப் பிரதியை எடுத்துத் தங்க நிறத் தாள் சுற்றி ரிப்பன் கட்டினார். வாயைத் திறந்தால் என்ன சொல்வேனோ என்று பயந்து, மேசை விரிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

பின்வரிசையில் பழைய தோட்டத்து ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பீடோரிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள். அதில் காளியம்மா என்பவர் லயத்தில் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர். மேசைக்கு வந்து ஒரு பிரதி எடுத்து, “எம்பேரு இதுல இருக்காமே” என்று கேட்டார். எடுத்துக் காட்டினேன். நின்றபடியே படிக்க ஆரம்பித்து, அப்படியே பின்வரிசைக்குப் போய்விட்டார்.

டத்தோ வந்தார். வயசாகிவிட்டது, பாத்திக் சட்டை போட்டிருந்தார். நன்றாகத்தான் பேசினார். தோட்டத்து மண் வாசனை என்றார், அந்த அம்மா நம் சமூகத்தின் சொத்து என்றார். எந்தத் தோட்டம் என்று அவர் கேட்டதாகவும் தெரியவில்லை, யாரும் சொன்னதாகவும் தெரியவில்லை. முதல் நூலைப் பெற்றுப் படத்துக்கு நின்றார். ரிப்பனை அவிழ்க்காமலே உதவியாளரிடம் கொடுத்தார். “இன்னொரு நிகழ்ச்சி இருக்கு” என்று கும்பிட்டுவிட்டு இறங்கிக் காருக்குப் போனார். பாதி மண்டபம் பின்னால் போயிற்று.

பிறகு நூலாய்வு. மணிவண்ணன் சாரே பேசினார். ஆய்வுக்கென்று நான் முன்கூட்டியே கொடுத்திருந்த திருத்திய பிரதியைக் கவனமாகப் படித்திருந்தார் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

“அச்சில் ஏற்பட்ட ஒரு பிழையை ஆசிரியர் தம் நோயோடும் கையாலேயே திருத்தியிருக்கிறார். ஆயினும் ஓரிடத்தில் மட்டும் அது விடுபட்டுப்போயிற்று. கடைசி அத்தியாயம். ‘அதுதான் எங்கள் கடைசிப் புரட்டு.’ இதனை நாம் ‘பெரட்டு’ என்று திருத்தி வாசிக்க வேண்டும்.”

“அது பிழ இல்ல சார்.”

காளியம்மா எழுந்து நின்றார். மைக் இல்லாமலே கேட்டது.

“நாங்கல்லாம் அன்னிக்கு அங்கதான் நின்னோம். அது புரட்டுத்தான். சொன்னவரு இப்பத்தான் காடியேறிப் போறாரு.”

மணிவண்ணன் சார் கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தார். அந்தப் பத்தியை முழுவதும் மனசுக்குள் படிக்கிறார் என்று தெரிந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றினார். “மன்னிச்சிருங்கம்மா” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். பின்வரிசையில் யாரும் கைதட்டவில்லை. கைதட்டி ஒருமுறை ஏமாந்தவர்கள்.

விழா முடிந்து நாற்காலி அடுக்கும்போது காளியம்மா அக்கா என்னிடம் வந்தார்.

“பிலோமினா எங்கிட்டயும் சொன்னா. அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. அவரு காதுல விழணும்னு. அதுவும் விழல பாத்தியா.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அக்கா, அவரு கொண்டுபோனது திருத்தாத புத்தகம். அதுல முதல் வரியிலேருந்து எல்லாமே புரட்டுதான்.”

அவர் கையிலிருந்த புத்தகத்தைப் பைக்குள் வைத்தார். சிரிக்கவில்லை.

“பிரிச்சாத்தானே தெரியும்” என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

6. பலகை

மணிவண்ணன் சார் இப்போது விழாக்களில் எழுத்தாளரை முதலில் பேச வைக்கிறார். சில விருந்தினர்கள் முகம் சுளிக்கிறார்கள், அவர் கண்டுகொள்வதில்லை. நான் பலகையில் ‘விரைவில்’ என்று எழுதுவதை விட்டுவிட்டேன். வந்தால் வந்தது என்று எழுதுவேன், வராவிட்டால் எழுதமாட்டேன். உள்ளூர்ப் புத்தகம் எது வந்தாலும் அன்றே எழுதியவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். விழா நடக்கும்போது நடக்கட்டும். வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடிய பாடம் இவ்வளவுதான்.

‘மங்கும் கத்தியும்’ இன்னும் விற்கிறது, மெதுவாக. சரித்திர நாவல் டிரைவர் மூன்றாம் பாகம் வராத கோபத்தில் அதை வாங்கிப்போனார். மறுவாரம் வந்து, “அக்கா, கடைசியில ஒரு எடத்துல திருத்த மறந்துட்டீங்க” என்றார். துப்பறியும் அக்கா தங்கை வந்து அதையே சொன்னார்கள், அதுவும் கண்டுபிடித்தது யார் என்ற சண்டையோடு. அப்படி வந்து யாராவது கேட்டால் எனக்கு மனசு நிறைந்துவிடும். புத்தகம் கடைசி வரை படிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். உட்காரவைத்து, தே-ஓ வாங்கிக் கொடுத்து, அது ஏன் பிழை இல்லை என்று சொல்லுவேன்.

டத்தோவிடம் இருக்கும் பிரதியில் முதல் வரியே தப்பு. பிரித்த எவரும் அது என்னவென்று கேட்காமல் இருக்க முடியாது. புத்தகத்தின் பின்னட்டையில் எங்கள் கடையின் போன் எண்தான் இருக்கிறது. இதுவரை அங்கிருந்து போன் வரவில்லை.